கம்ஃபர்ட் கேர் என்றால் ஏசி ரூம் இல்லை

சில வருடங்களுக்கு முன், புற்றுநோய் முற்றிய ஒரு அம்மாவின் மகனிடம், "இனிமே கம்ஃபர்ட் கேர் மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து நின்றார். "ஏசி ரூமுக்கு மாத்தினா நாளைக்கு எவ்வளவு ஆகும் டாக்டர்?" அவர் தங்கை அதற்குள் வேறு மாதிரி புரிந்துகொண்டு அழுதுகொண்டிருந்தார்: "கைவிட்டுட்டாங்க." தப்பு என்னுடையதுதான்.

கம்ஃபர்ட் என்ற சொல்லுக்குள் இருப்பது ஃபோர்ட்டிஸ். லத்தீனில் வலிமையானது என்று அர்த்தம். ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதலில் தெம்பு கொடுப்பதைத்தான் குறித்தது. மெத்தை, சோபா எல்லாம் பிற்பாடு ஒட்டிக்கொண்டவை. நம்முடைய ஆறுதல் வேறு தினுசு: காபி ஆறும், புண் ஆறும், மனசும் ஆறும். ஃபைலில் கம்ஃபர்ட் கேர் என்று எழுதியிருந்தால் இரண்டையும் சேர்த்தே படியுங்கள். நோயைத் துரத்துவதைத்தான் விடுகிறோம், வைத்தியத்தை அல்ல.

அதில் பெரிய பங்கு வலிக்கு. கடும் வலிக்கு மார்ஃபின் (அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்து) கொடுப்போம். மெதுவாகக் கரையும் வகை இல்லாமல் சாதாரண மாத்திரை என்றால், பெரும்பாலும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தும் அன்றே தொடங்கும். "பழக்கமாயிடுமே" என்று பயப்படாத வீடே இல்லை. வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடுகிறவர் அடிமையாவது அரிது. 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் ஆஸ்பத்திரிகளே இதைத் தொடத் தயங்கின. 2014 திருத்தம் அனுமதி முறையை எளிதாக்கியது.

அப்புறம், கடைசி நாட்களில் வாய் காய்ந்துபோகும். ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் நனைத்தாலே போதும். நினைவில்லாதவர் வாயில் பால் ஊற்றாதீர்கள், புரையேறும். சாத்திரத்துக்கு உதட்டில் ஒரு துளி தடவினால் சரி.

டாக்டர் கம்ஃபர்ட் கேர் என்றால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். "அதுல என்னென்ன செய்வீங்க? ராத்திரி வலி வந்தா யாரைக் கூப்பிடணும்?" என்று கேளுங்கள்.

அந்த அம்மா பொது வார்டிலேயே இருந்தார். வலி அடங்கிய மூன்றாம் நாள் காலையில் மகளைக் கூப்பிட்டார்: "தலை சிக்குப் பிடிச்சுக் கிடக்கு. வாரி விடுடீ."