பனானா ஷையர்: கவுன்சிலிடம் எதைக் கேட்கலாம், ரேட்ஸ் எதற்குக் கட்டுகிறோம்

பிலோயிலா என்ற ஊர்ப் பெயரைத் தமிழர்கள் பலர் முதலில் கேள்விப்பட்டது 2018இல். அங்கே குடியிருந்த ஈழத் தமிழ்க் குடும்பம் ஒன்றை எல்லைக் காவல் அதிகாரிகள் விடியற்காலையில் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். ஊர்க்காரர்கள் நான்கு வருடம் விடாமல் குரல் கொடுத்தார்கள்; 2022 ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இருக்கும் பனானா ஷையர் என்ற உள்ளாட்சிப் பகுதிக்கு இந்த ஊர்தான் தலைமையிடம்.

பெயரைப் பார்த்து வாழைத் தோப்பைத் தேட வேண்டாம். பனானா என்பது, அந்தக் காலத்தில் முரட்டு மாடுகளைப் பட்டிக்குக் கொண்டுவர உதவிய மஞ்சள் நிற எருது ஒன்றின் பெயர். ஷையரின் பரப்பு 28,500 சதுர கிலோமீட்டருக்கு மேல், அதாவது இலங்கையின் வட மாகாணத்தைப் போல மூன்று மடங்கு. ஜனத்தொகையோ சுமார் 14,500தான். மௌராவில் நிலக்கரி, காலைடில் அனல் மின் நிலையம், தியோடரில் பாசனப் பருத்தி, எங்கு பார்த்தாலும் மாட்டுப் பண்ணை. பிலோயிலாவின் இறைச்சித் தொழிற்சாலையில்தான் மேலே சொன்ன குடும்பத்தின் தகப்பனாரும் வேலை பார்த்தார். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் இப்படிப்பட்ட ஊர்களுக்குப் போவது பெரும்பாலும் அந்த மாதிரி வேலைக்குத்தான்.

ஆஸ்திரேலியாவில் அரசாங்கம் மூன்று அடுக்கு. விசா, வருமான வரி, பென்ஷன் எல்லாம் கான்பெராவிலுள்ள மத்திய அரசு. பள்ளி, ஆஸ்பத்திரி, போலீஸ் மாநில அரசு. மிச்சம் உள்ளாட்சி மன்றமான கவுன்சில்: உள்ளூர்ச் சாலை, குடிநீர், கழிவுநீர், குப்பை, நூலகம், நீச்சல் குளம், கட்டட அனுமதி, நாய்ப் பதிவு, கல்லறை. சாலையில்தான் குழப்பம் வரும். பிலோயிலா வழியாகப் போகும் டாசன் நெடுஞ்சாலையில் பள்ளம் என்றால் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் சொல்ல வேண்டும்; அதிலிருந்து திரும்பும் பக்கத் தெருவில் பள்ளம் என்றால் கவுன்சிலிடம். விசா விஷயத்தில் கவுன்சிலுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. ஆனால் கடைசியில் குடியுரிமை உறுதிமொழி எடுக்கும் விழாவை நடத்துவது பெரும்பாலும் கவுன்சில்தான்.

அப்புறம், பணம். நாட்டின் அரசியல் சாசனத்தில் உள்ளாட்சி என்ற பேச்சே இல்லை. சேர்க்கலாமா என்று 1974இலும் 1988இலும் கேட்டபோது மக்கள் வேண்டாம் என்று வாக்களித்துவிட்டார்கள். அதனால் கவுன்சில் என்பது மாநிலச் சட்டத்தால் உண்டானது. இவ்வளவு நீளச் சாலைகளை இவ்வளவு சொற்ப ஜனங்களின் வரியை மட்டும் வைத்துப் பராமரிக்க முடியாது, ஆகவே மத்திய, மாநில மானியம் இல்லாமல் இங்கே எதுவும் ஓடாது.

ரேட்ஸ் என்பது நில உரிமையாளர்கள் கவுன்சிலுக்குக் கட்டும் வரி. சொந்த வீடு வாங்கியவர்களுக்கு வரும் ரேட்ஸ் நோட்டீஸை ஒருமுறை வரி வரியாகப் படித்துப் பாருங்கள். பொது ரேட்ஸ் கணக்கிடப்படுவது நிலத்தின் மதிப்பை வைத்து. வீடு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது கணக்கில் சேராது. நிலத்துக்கு மதிப்புப் போடுவது மாநில அதிகாரி. எந்த வகை நிலத்துக்கு எவ்வளவு விகிதம் என்பதைத்தான் கவுன்சில் தீர்மானிக்கிறது; வீட்டுக்கு ஒன்று, நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேறொன்று. தண்ணீர், குப்பைக் கட்டணம் தனித்தனியாகப் போட்டிருக்கும். அவசர சேவைக்கான வரியும் அதே நோட்டீஸில் வரும், ஆனால் அது கவுன்சில் பணம் அல்ல. மாநிலத்துக்காக வசூலித்துக் கொடுக்கிறார்கள். கவுன்சில் கவுன்டரில் போய் அதைப் பற்றிச் சண்டை போட்டுப் பயனில்லை.

நில மதிப்பு அதிகம் என்று தோன்றினால், மதிப்பீட்டு நோட்டீஸ் வெளியான நாளிலிருந்து 60 நாளுக்குள் மாநில மதிப்பீட்டு அலுவலகத்தில் ஆட்சேபணை கொடுக்க வேண்டும். ரேட்ஸ் நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு விழித்துக்கொள்பவர்கள்தான் அதிகம், அதற்குள் கெடு தாண்டியிருக்கும். பென்ஷன்காரர்களுக்கான சலுகை அட்டையான பென்ஷனர் கன்செஷன் கார்டு வைத்திருந்து, சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கு மாநில அரசு ரேட்ஸில் 20 சதவீதம், ஆண்டுக்கு அதிகபட்சம் 200 டாலர் கழிக்கிறது. தானாகக் கிடைக்காது, கவுன்சிலில் விண்ணப்பிக்க வேண்டும். முதியவர்களுக்கான சீனியர்ஸ் கார்டு மட்டும் இருந்தால் போதாது.

வாடகைக்கு இருப்பவர்கள் ரேட்ஸ் கட்ட வேண்டியதில்லை, அது வீட்டுக்காரர் பொறுப்பு. தனி மீட்டர் இருந்து, ஒப்பந்தத்திலும் எழுதியிருந்தால் செலவழித்த தண்ணீருக்கு மட்டும் உங்களிடம் கேட்கலாம்; இணைப்புக் கட்டணத்தைக் கேட்கக் கூடாது. நூலக உறுப்பினராவது எல்லோருக்கும் இலவசம்.

தேர்தல் நான்கு வருடத்துக்கு ஒருமுறை. மேயரை ஷையர் முழுவதும் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறது; ஆறு பிரிவுகளுக்கும் தலா ஒரு கவுன்சிலர். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் ஓட்டுப் போட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் அபராதம். நிரந்தர விசாவில் இருப்பவர்களுக்கு, எத்தனை வருடம் ரேட்ஸ் கட்டியிருந்தாலும் குயின்ஸ்லாந்தில் ஓட்டு இல்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. விக்டோரியாவில் குடியுரிமை இல்லாத ரேட்ஸ்தாரரும் விண்ணப்பித்துப் பட்டியலில் சேர வழி இருக்கிறது.

சரி, ஓட்டு இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா? கவுன்சில் கூட்டத்துக்கு யாரும் போய் உட்காரலாம்; சில விஷயங்களை மட்டும் கதவைச் சாத்திப் பேசுவார்கள். கூட்டக் குறிப்புகளை வெளியிட்டாக வேண்டும். உங்கள் பிரிவுக் கவுன்சிலர் உங்கள் ஓட்டு வாங்காதவர் என்றாலும், அவருக்கு எழுத எதுவும் தடையில்லை. நிர்வாகத்தின் முடிவு தவறு என்றால் முதலில் கவுன்சிலிலேயே எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் அரசு அமைப்புகள் மீதான புகாரை விசாரிக்கும் குயின்ஸ்லாந்து ஒம்பட்ஸ்மேனிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. கவுன்சிலில் கொடுத்த புகாரின் நகலையும் தேதியையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒம்பட்ஸ்மேன் அலுவலகத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.