அளக்காத கடலுக்கும் வண்ணம் பூசும் வரைபடங்கள்

தூண்டில் வளைவு கட்டவோ துறைமுகம் விரிவாக்கவோ திட்டம் வந்தால், கூடவே வண்ண வண்ணமாகக் கடலடி வரைபடம் ஒன்றும் வரும். அதைக் காட்டுபவரிடம் முதலில் கேட்க வேண்டியது: "இதில் அளந்த புள்ளிகள் எவை?" கடல் ஆய்வுத் தரவுகளே என் அன்றாட வேலை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஒலி அனுப்பி ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர் பொருத்திய படகு ஒரு கோட்டில் போகும்போது சில மீட்டருக்கு ஓர் ஆழம் பதிவாகும். அடுத்த கோடு ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கூட இருக்கலாம். நடுவில் எதுவும் இல்லை. அந்த இடைவெளியைக் கணக்குப் போட்டு நிரப்புவதே இடைக்கணிப்பு. படம் வந்தபின் அளந்த இடமும் ஊகித்த இடமும் ஒரே பளபளப்போடு தெரியும்.

குமரிக் கடலில் பார்கள், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகள், நிறைய. அடியில் இருப்பது மணலா பாறையா என்றறிய இறக்கும் மண் அள்ளும் கருவி பாறையில் விழுந்தால் வெறுமையாக மேலே வரும். 'மாதிரி இல்லை' என்று எழுதி அந்த வரியையே அட்டவணையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது சுற்றியுள்ள மணல் புள்ளிகள் மட்டும். கணக்கும் அங்கே மணல் என்றே சொல்லிவிடும். சிங்கி இறாலும் கலவாவும் கிடைக்கிற பார் வரைபடத்தில் காணாமல் போவது இப்படித்தான். வெறுமையாக வந்த கருவியும் ஒரு தகவல். தயவுசெய்து அதை அழிக்காதீர்கள்.

குமரி முனையும் கணக்கைக் குழப்பும். முனைக்கு மேற்கே உள்ள கோவளத்துக்கும் கிழக்கே உள்ள சின்னமுட்டத்துக்கும் நேர்கோடு போட்டால் அது தரைமேல் போகிறது. தண்ணீர் அப்படிப் போகாது, முனையைச் சுற்றித்தான் போக வேண்டும். மென்பொருளுக்குக் கரையைத் தடையாகக் காட்டாவிட்டால் மேற்குப் பக்கத்து வெப்பநிலை கிழக்கில் கசியும். தென்மேற்குப் பருவக்காற்றின்போது அடிக்கடல் குளிர்நீர் மேலெழும் கடல் இது. அந்த மாதங்களில் ஒரு பக்கமும் பருவம் ஓய்ந்தபின் மறுபக்கமும் அளந்து ஒட்டினால், படத்தில் தெரியும் வேறுபாடு இடத்தினுடையதா, காலத்தினுடையதா என்று பிரிக்கவே முடியாது.

இடைக்கணிப்பு முறையைப் பற்றி ஒரு வார்த்தை. தூரம் கூடக்கூட ஒரு புள்ளிக்குத் தரும் முக்கியத்துவத்தைக் குறைக்கும் எளிய முறை, அளந்த புள்ளிகளைச் சுற்றி வட்டவட்டமாகத் திட்டுகளை உண்டாக்கும். தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர் கிரிகேயின் 1951ஆம் ஆண்டு ஆய்விலிருந்து வளர்ந்த கிரிகிங் முறையில் மதிப்போடு அதன் நிச்சயமின்மையும் கிடைக்கும். ஆழம் கரையோரமாக மெல்லவும் கரையிலிருந்து விலகும்போது வேகமாகவும் மாறுவதால் இரு திசைகளையும் ஒன்றாகப் பாவிக்கக் கூடாது. சோதிக்கும்போது ஒவ்வொரு புள்ளியாக மறைத்துப் பார்ப்பதில் பயனில்லை. பக்கத்துப் புள்ளி விடையைச் சொல்லிக்கொடுத்துவிடும். ஒரு முழுக் கோட்டையே மறைத்துவைத்து, மற்ற கோடுகள் அதைச் சரியாகச் சொல்கின்றனவா என்று பாருங்கள்.

உலகப் பெருங்கடல்களின் ஆழத்தைத் தரும் ஜெப்கோ தரவில், எந்தக் கட்டம் அளந்தது, எது கணித்தது என்று சொல்லத் தனி அடுக்கே உண்டு. நம் ஊர்த் திட்ட அறிக்கைகளிலும் அந்த அடுக்கைக் கேளுங்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன்பே கேளுங்கள். பார் எங்கே இருக்கிறது என்று தெரிந்த மீனவர்கள் அதைப் பார்த்துத் திருத்த நாள் வேண்டும்.