வாயும் உடம்பில்தான் இருக்கிறது

இரவு 9 மணிக்கு மேல் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தாடைக்குக் கீழே கழுத்து முழுவதும் வீங்கியிருந்தது. தொட்டால் மரக்கட்டையைத் தொடுவது போல் இருந்தது. வாய் ஒரு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. நாக்கு மேலெழும்பி அண்ணத்தை முட்டிக்கொண்டு நின்றது. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டை வாயோரம் பிடித்திருந்தார். படுக்கச் சொன்னபோது, மூச்சு முட்டும் என்று கையசைத்து மறுத்தார்.

கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றில் பிடித்த கிருமித்தொற்று கழுத்துக்குள் இறங்கிப் பரவி மூச்சு வழியை அடைத்துக்கொண்டிருந்தது. லுட்விக் ஆஞ்சைனா என்பார்கள். கழுத்தில் துளையிட்டுச் சுவாசக் குழாய் வைத்த பிறகுதான் சீழை வடிக்க முடிந்தது. 9 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து பிழைத்தார்.

மறுநாள் அவருடைய பழைய சீட்டுகளைப் புரட்டினேன். 5 மாதங்களுக்கு முன்பு அதே பல்லுக்காக எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வந்திருக்கிறார். வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்ய வேண்டும் என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. அவர் சேர்ந்திருந்த பொதுக் காப்பீட்டுத் திட்டம் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். பல் நாற்காலியில் உட்கார்ந்து செய்துகொள்ளும் சிகிச்சைக்குத் தராது. "அடுத்த மாதம் பணத்தோடு வருகிறேன், டாக்டர்" என்று சொல்லி, வலி மாத்திரை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

அறுவை அரங்கு, மயக்க மருத்துவர், செயற்கை சுவாசம், 9 நாள் மருந்துகள் எல்லாவற்றுக்கும் அதே திட்டம் மறுபேச்சில்லாமல் பணம் கட்டியது. ஒரு பல்லைக் காப்பாற்றத் தராத பணத்தைப் போல எத்தனையோ மடங்கு.

15 ஆண்டுகள் பொது மருத்துவமனையில் பல் மருத்துவராக இருந்துவிட்டு இப்போது சொந்தமாக கிளினிக் வைத்திருக்கிறேன். பொதுப் பணம் எதற்கு, சொந்தப் பணம் எதற்கு என்ற கேள்வியை நாற்காலிக்கு இருபுறமும் நின்று பார்த்தவன். அந்த எல்லைக்கோடு பெரும்பாலான இடங்களில் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. "சிறிய செலவை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், பெரிய செலவு வந்தால் நாங்கள் இருக்கிறோம்" என்பதுதான் இத்தகைய திட்டங்களின் அடிப்படை. வீட்டுக்குத் தீக்காப்பீடு எடுப்பதற்கு அது சரி. ஓட்டுக்கூரையில் உடைந்த ஓடு ஒன்றை மாற்றாமல் விட்டதால் வீடு தீப்பிடிப்பதில்லை. உடம்பு அப்படியில்லை. இங்கே சிறியதை விட்டால் அதுவே பெரியதாகிறது. சர்க்கரை நோயாளிக்கு மாத்திரை கிடைக்காமல் போய்க் காலை எடுக்கும் அறுவைக்குப் பணம் கிடைப்பதும் இதே கதைதான்.

எங்கள் துறையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். ஏனென்றால் மருத்துவத் திட்டங்கள் பலவற்றில் வாய் உடம்போடு சேராத தனி உறுப்பு. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் 1965-இல் சட்டமானபோதே வழக்கமான பல் சிகிச்சையை வெளியே நிறுத்தியது. கனடாவின் 1984 சுகாதாரச் சட்டம், மருத்துவமனையில் வைத்தே செய்தாக வேண்டிய பல் அறுவைகளை மட்டும் பொதுக் காப்பீட்டுக்குள் சேர்த்தது. பிரிட்டனில் 1948-இல் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோது பல் செட்டும் மூக்குக் கண்ணாடியும்கூட இலவசம். வாங்க வந்த கூட்டம் அரசு எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். அத்தனை காலம் வாய்க்குள் அடக்கி வைத்திருந்த தேவை அது. கொரியப் போரையொட்டிய ராணுவச் செலவு நெருக்கியபோது, 1951-இல் அரசு முதலில் கை வைத்ததும் அந்த இரண்டின் மேல்தான். அவற்றின் விலையில் ஒரு பகுதியை நோயாளியே தரவேண்டும் என்றது. அந்தச் சேவையை உருவாக்கிய அனூரின் பெவன் அதை ஏற்காமல் அமைச்சர் பதவியை விட்டு விலகினார்.

பல் செட்டுக்காக ஓர் அமைச்சர் பதவி விலகுவதா என்று படிக்கும் காலத்தில் எனக்கும் தோன்றியது. பற்களே இல்லாத முதியவர் ஒருவர் குழைத்ததை மட்டும் விழுங்கி விழுங்கி எடை குறைந்து, சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொண்டு, பிறகு வெளியே போவதையே நிறுத்திக்கொள்வதைப் பார்த்த பின் அப்படித் தோன்றவில்லை.

கட்டணம் வைத்தால் தேவையில்லாமல் வருகிறவர்கள் குறைவார்கள், உண்மையான நோயாளி எப்படியும் வந்துவிடுவார் என்று சொல்பவர்கள் உண்டு. இதை அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் நேரடியாகவே சோதித்துப் பார்த்தது. 1970-களில் தொடங்கி 1982 வரை, 7,000-க்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு முழு இலவசமும் மற்றவர்களுக்குப் பல அளவுகளில் கட்டணமும் வைத்தார்கள். கட்டணம் இருந்தவர்கள் மருத்துவரிடம் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் தேவையற்ற சிகிச்சையை மட்டும் அவர்கள் குறைக்கவில்லை, தேவையானதும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குறைந்தது. வலிக்கிற பல் அவசரமா இல்லையா என்பதை நோயாளியே எப்படிச் சொல்ல முடியும்? எக்ஸ்ரே எடுக்காமல் என்னாலேயே பல நேரம் சொல்ல முடியாது. சராசரி மனிதரின் உடல்நலத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்பதும் அந்த ஆய்வின் முடிவுதான். அதை மறைப்பதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஏழைகளிடையே இலவச சிகிச்சை சில இடங்களில் நன்மை செய்திருந்தது. ரத்த அழுத்தம், பார்வை, பல் மூன்றும் அவற்றில் உண்டு. பெவன் பதவியை விட்டது எந்த இரண்டுக்காகவோ அந்த இரண்டும் இந்தப் பட்டியலில் இருக்கின்றன.

அதற்காக நான் செய்யும் எல்லாச் சிகிச்சைக்கும் பொதுப் பணம் வேண்டும் என்று கேட்கவில்லை. பல்லை வெண்மையாக்குவதற்கு ஊரார் வரிப்பணம் ஒரு காசுகூடப் போகக்கூடாது. கழற்றி மாட்டும் பல் செட் போதும் என்கிற இடத்தில் எலும்பில் திருகிப் பொருத்தும் இம்பிளாண்ட் வேண்டுமென்றால் அதற்கு அவரவர் கொடுக்கட்டும். பல்லின் மேல் உறைபோல் மாட்டும் கேப் உலோகத்தில் வேண்டாம், பல் நிறத்தில் வேண்டும் என்பதும் அப்படித்தான்.

ஆனால் இந்த எல்லைக்கோட்டைச் சிகிச்சையின் பெயரை வைத்துப் போட முடியாது. முதல் தவறு அங்கேதான் நடக்கிறது. இம்பிளாண்ட் ஆடம்பரம் என்று பட்டியலில் எழுதிவிட்டால், புற்றுநோய்க்காகத் தாடையில் பாதியை இழந்தவருக்கும் அது ஆடம்பரமாகிவிடும். அவருக்குப் பல் செட் உட்கார ஈறே இருக்காது. அதே திருகு, அதே விலை. ஒருவருக்கு வசதி, இன்னொருவருக்கு மென்று தின்ன இருக்கும் ஒரே வழி.

பல்லுக்குக் கம்பி கட்டுவதில் பிரிட்டனில் இதற்கு ஒரு நல்ல வழி கண்டார்கள். 1989-இல் வெளியான ஒரு மதிப்பீட்டு முறை, தேவையை 5 தரங்களாகப் பிரிக்கிறது. சிறிய அளவுகோலை வாய்க்குள் வைத்து, மேல் முன்பல் கீழ் முன்பல்லைத் தாண்டி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளப்பார்கள். 6 மில்லிமீட்டரைத் தாண்டினால் 4-ஆம் தரம், 9-ஐத் தாண்டினால் 5-ஆம் தரம். 18 வயதுக்குட்பட்டவர்களில் 4, 5 தரத்தினருக்குப் பொதுச் செலவில் சிகிச்சை. 3-ஆம் தரத்தில், தோற்றத்தையும் மதிப்பிட்டுச் சிலரைச் சேர்ப்பார்கள். அழகா, தேவையா என்று வாய்ச்சண்டை போடாமல், கீழே விழுந்தால் முன்பல் உடையும் அபாயம் யாருக்கு, கடித்து மெல்லச் சிரமம் யாருக்கு என்று பார்க்கிற முறை. எல்லைக்கு இந்தப் பக்கம் அரை மில்லிமீட்டரில் நின்றுவிட்ட பிள்ளையின் தாய்க்கு அது நியாயமாகப் படாது, அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் பணம் இருக்கிறதா என்பதைவிட மில்லிமீட்டர் மேல் என்பேன்.

கணக்கு மட்டும் போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம், ஏழைகளுக்கான மருத்துவத் திட்டத்துக்குச் சிகிச்சைகளைச் செலவுக்கும் பலனுக்கும் ஏற்ப வரிசைப்படுத்தி 1990-இல் ஒரு முதல் வரைவை வெளியிட்டது. அதில் குடல்வால் அறுவையைவிடப் பல்லுக்குக் கேப் போடுவது மேலே வந்து நின்றது. குடல்வால் அறுவை செய்யாவிட்டால் ஆள் செத்துப்போவார் என்பது எந்தத் தாய்க்கும் தெரியும். பல் மருத்துவனான நானே சொல்கிறேன், அந்த வரிசை தவறு. அவர்களும் அதைத் திருத்தினார்கள்.

ஆகவே நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதை இப்போது செய்யாவிட்டால் இந்த ஆளுக்கு என்ன ஆகும்? உயிருக்கு ஆபத்து, நிரந்தர ஊனம், அல்லது இன்னும் பெரிய சிகிச்சை என்று பதில் வந்தால் அது பொதுப் பணத்தின் வேலை, செலவு எவ்வளவு சிறியதாக இருந்தாலும். ஒன்றும் ஆகாது, ஆசைதான் நிறைவேறாது என்றால் சொந்தப் பணம், செலவு எவ்வளவு பெரியதாக இருந்தாலும். நடுவில் கடினமான இடங்கள் வரும். தாய்லாந்து 2002-இல் எல்லாருக்குமான திட்டத்தைத் தொடங்கியபோது, செலவுக்கு அஞ்சி டயாலிசிஸை வெளியே வைத்தது. 2008-இல்தான் உள்ளே கொண்டுவந்தது. அந்த ஆண்டுகளில் அதை மறுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த முடிவு உண்மையிலேயே கடினம். பல் அடைப்பது அப்படிப்பட்ட கடினமான முடிவே அல்ல. சொத்தையை அடைக்கும் கிளாஸ் அயனோமர் சிமென்டும், சொத்தை பரவாமல் நிறுத்தும் சில்வர் டையமைன் ஃபுளோரைடும் 2021-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலுக்குள் வந்துவிட்டன. பல இடங்களில் துளையிடும் இயந்திரம்கூட வேண்டாம். உலகில் 350 கோடிக்கும் மேற்பட்டோருக்கு வாய் நோய் இருக்கிறது என்பதும் அதே நிறுவனத்தின் மதிப்பீடு.

திட்டங்கள் மாறும்வரை உங்கள் கையில் இருப்பவற்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் காப்பீட்டில் புறநோயாளிச் சிகிச்சை உண்டா, பல் உண்டா என்று வலி இல்லாத நாளில் கேட்டு வையுங்கள். தனியார் மருத்துவர் ஒரு சிகிச்சையைச் சொன்னால், செய்யாவிட்டால் என்ன ஆகும், எத்தனை நாள் பொறுக்கலாம், இதைவிடச் செலவு குறைந்த வழி எது என்று கேளுங்கள். இதற்குக் கோபப்படும் மருத்துவரிடம் இருந்து எழுந்து வந்துவிடலாம். வேர் சிகிச்சைக்குப் பணம் இல்லையென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். சீழ் பிடித்த பல்லை வாயில் வைத்துக்கொண்டு மாத்திரையில் நாளைக் கடத்துவதைவிட அதைப் பிடுங்கிவிடுவது எவ்வளவோ நல்லது. ஆன்டிபயாடிக் வீக்கத்தைத் தணிக்கும், மூலத்தை எடுக்காது. தாடைக்குக் கீழே வீக்கம், காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, விழுங்கச் சிரமம் என்று வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்று இரவே மருத்துவமனைக்குப் போங்கள்.

அந்த மனிதர் வீடு திரும்பிய மூன்றாவது வாரம் தையல் காட்ட வந்தார். கழுத்துத் தழும்பு ஆறியிருந்தது. வாயைத் திறக்கச் சொல்லி விளக்கைத் திருப்பினேன். பிடுங்கிய இடத்துக்குப் பக்கத்துப் பல்லிலும், எதிர்ப்பக்கக் கடைவாய்ப் பல்லிலும் சொத்தை. இரண்டும் இன்னும் நரம்பைத் தொடவில்லை, அடைத்தால் போதும். திட்டத்தில் அதற்கு இடமில்லை என்பது அவருக்கும் தெரியும்.

"ஒன்றுக்குத்தான் இப்போது முடியும், டாக்டர். எதை முதலில் செய்யலாம்?"

இரண்டையும் படம் எடுத்துப் பார்த்தேன். பக்கத்துப் பல்லில் ஆழம் கூடுதலாக இருந்தது. அதை அன்றே அடைத்தேன்.