தலையில்லாத குச்சிகளின் கணக்கு

எல்சிடி எனப்படும் திரவப்படிகத் திரைக்குள் கோடிக்கணக்கான மூலக்கூறுகள் இருக்கின்றனவே, அத்தனைக்கும் கணினியில் எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அத்தனைக்கும் போடுவதில்லை.

திரவப்படிக மூலக்கூறுகள் குச்சி போன்றவை. திரவம்போல நகரும், ஆனால் அக்கம்பக்கத்துக் குச்சிகள் ஏறக்குறைய ஒரே திசையில் கிடக்கும். ஒவ்வோர் இடத்திலும் சராசரித் திசை தெரிந்தால் போதும். அந்தத் திசை விரிந்தாலும், முறுக்கினாலும், வளைந்தாலும் ஆற்றல் கூடும். அதற்கான சூத்திரத்தை 1958இல் ஃபிராங்க் என்ற இயற்பியலாளர் எழுதினார். மின்புலத்தின் பங்கையும் சேர்த்து, மொத்த ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும் அமைப்பைத் தேடுவார்கள். அவ்வளவுதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. திசையை நாம் அம்புக்குறியால் குறிக்கிறோம். குச்சிக்கு ஏது தலையும் வாலும்? நுண்நோக்கியில் பார்த்தால், ஒரு புள்ளியைச் சுற்றி வருவதற்குள் குச்சிகள் அரைச்சுற்று மட்டும் திரும்பும் இடங்கள் உண்டு. குச்சிக்கு அது குறையில்லை, தொடங்கிய நிலையிலேயே வந்து நிற்கும். அம்போ தலைகீழாகிவிடும். திரவப்படிகத்தில் இல்லாத ஒரு வெட்டு, அதாவது அம்புகள் சட்டென எதிர்ப்பக்கம் திரும்பும் கோடு, கணக்கில் விழும்.

பிரெஞ்சு இயற்பியலாளர் டி ஜென் கையாண்ட தீர்வு பள்ளிக் கணக்குதான். அம்பின் கூறுகளை ஒன்றோடொன்று பெருக்குங்கள். (0.6, 0.8) என்றால் 0.36, 0.48, 0.64. அம்பைத் திருப்பி (−0.6, −0.8) என்று வைத்தாலும் அதே மூன்று எண்கள்! குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண், தலை-வால் பேதம் அங்கேயே காணாமல் போகிறது. முப்பரிமாணத்தில் இப்படி ஓர் அணி, அதாவது எண்களின் சதுர அட்டவணை, கிடைக்கும். அதைப் பல மூலக்கூறுகளுக்குச் சராசரி எடுத்து, மூலைவிட்டத்து எண் ஒவ்வொன்றிலும் 1/3ஐக் கழித்தால், ஒழுங்கே இல்லாத திரவத்துக்கு எல்லாம் பூஜ்யமாகிவிடும். எனவே குச்சிகள் எந்தப் பக்கம் கிடக்கின்றன, எவ்வளவு ஒழுங்காகக் கிடக்கின்றன என்ற இரண்டையும் ஒரே அணி சொல்லிவிடும். எனக்கு இதைவிட அழகான சூழ்ச்சி தெரியாது.

இதனால் என்ன பயன் என்று கேட்டுத்தான் நிதி தரவேண்டும் என்பவர்களுக்கு ஒன்று: 1888இல் இரண்டு உருகுநிலைகள் கொண்ட பொருளைக் கண்டு குழம்பியவர் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர். அது ஒரு திரவப்படிகம். ஆர்சிஏ என்ற அமெரிக்க மின்னணு நிறுவனம் திரவப்படிகத் திரையைக் காட்டியது 1968இல், எண்பது ஆண்டுகள் கழித்து.

சரி, அணிக்கும் ஒரு விலை உண்டு. ஒவ்வோர் இடத்திலும் அம்புக்கு இரண்டு எண்கள் போதும், அணிக்கு ஐந்து வேண்டும். அரைச்சுற்றுப் புள்ளியின் மையம் சில நானோமீட்டர்தான், திரவப்படிக அடுக்கோ சில மைக்ரோமீட்டர் தடிமன். கணக்குப் போடும் புள்ளிகளை முழுவதும் நுண்ணிய வலையாகப் பின்னினால் கணினி திணறும். மையத்தருகே மட்டும் நெருக்கமாகப் பின்னலாம், ஆனால் அந்தப் புள்ளி நகரும்போதெல்லாம் வலையையும் கூடவே நகர்த்த வேண்டும்.