இருபதில் எட்டு: கோல்ஃப் ஹேண்டிகேப் எதை அளக்கிறது?

18 குழிகளை முடிக்க ஒருவர் பந்தை 80 முறை அடித்தால், அதாவது 80 அடி எடுத்தால், போதும். இன்னொருவருக்கு 100 அடி தேவை. இந்த இருவரும் ஒரே போட்டியில் மோதினால், யார் வெல்வார் என்று கடைசிக் குழிவரை தெரியாமல் இருக்கலாம். அதைச் சாத்தியமாக்குவது ஹேண்டிகேப் என்ற ஓர் எண். கோல்ஃபில் அடி குறைந்தவரே வெற்றியாளர் என்பதால், ஆட்டம் பலவீனமானவருக்குச் சில அடிகளைத் தள்ளுபடி செய்கிறார்கள். எத்தனை என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

பிரிட்டனில் நண்பர்களும் அலுவலகத் தோழர்களும் சேர்ந்து நடத்தும் கோல்ஃப் சங்கங்கள் ஏராளம். பெரும்பாலும் சொந்த மைதானம் இருக்காது. அவ்வப்போது ஏதாவதொரு மைதானத்தில் கூடுவார்கள், ஆடுவார்கள், சாப்பிடுவார்கள், பரிசு கொடுத்துவிட்டுக் கலைவார்கள். "என் ஹேண்டிகேப் 18, ஆனால் அதற்கேற்ப ஆடவே முடிவதில்லை" என்ற புலம்பல் இல்லாமல் அந்தச் சாப்பாடு முடியாது. புலம்புகிறவர் ஹேண்டிகேப்பைத் தன் சராசரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

2020இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறை, ஒருவரின் கடைசி 20 ஆட்டங்களை எடுத்துக்கொள்கிறது. அவற்றில் மிகச் சிறந்த 8 ஆட்டங்களின் சராசரிதான் அவருடைய ஹேண்டிகேப் இண்டெக்ஸ். மீதி 12 கணக்கிலேயே வராது. அந்த எட்டிலும் ஏறக்குறைய பாதிதான் சராசரியைவிட நன்றாக இருக்கும். அதாவது 20இல் நான்கு. ஆக, ஹேண்டிகேப்புக்கு ஏற்றபடியோ அதைவிட நன்றாகவோ ஆடுவது ஐந்து ஆட்டத்துக்கு ஒரு முறை என்றால் அதுவே இயல்பு. நல்ல நாளில் ஒருவரால் என்ன முடியும் என்பதையே இந்த எண் சொல்கிறது. ஏன் இப்படி வைத்தார்கள்? எல்லா ஆட்டத்தையும் கணக்கில் சேர்த்தால், வேண்டுமென்றே நாலைந்து முறை மோசமாக ஆடி எண்ணை ஏற்றி, கூடுதல் தள்ளுபடி பெற்றுக்கொள்வது மிகச் சுலபம்.

மைதானமும் மைதானமும் ஒன்றல்ல என்பது அடுத்த சிக்கல். இதற்கு ஒவ்வொரு மைதானத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு. தள்ளுபடியே தேவைப்படாத தேர்ந்த ஆட்டக்காரருக்கு அங்கே எத்தனை அடி ஆகும் என்பது கோர்ஸ் ரேட்டிங். சுமாரான ஆட்டக்காரருக்கு அந்த மைதானம் எவ்வளவு கூடுதலாகத் தொல்லை கொடுக்கும் என்பது ஸ்லோப். குறுக்கே கிடக்கும் குளத்தைத் தேர்ந்தவர் கவனிக்கக்கூட மாட்டார். மற்றவர் அதில் இரண்டு பந்துகளைத் தொலைப்பார். 55இலிருந்து 155வரை போகும் ஸ்லோப்பில், நடுநிலை 113.

ஒருவர் எடுத்த அடிகளிலிருந்து கோர்ஸ் ரேட்டிங்கைக் கழித்து, 113ஆல் பெருக்கி, ஸ்லோப்பால் வகுத்தால் அந்த ஆட்டத்தின் மதிப்பு கிடைக்கும். ரேட்டிங் 70.8, ஸ்லோப் 126 உள்ள மைதானத்தில் 93 அடி எடுத்தால் மதிப்பு 19.9. ரேட்டிங் 68, ஸ்லோப் 113 உள்ள எளிய மைதானத்தில் 88 அடி எடுத்தால் 20.0. ஐந்து அடி கூடுதலாக எடுத்தவர்தான் மயிரிழையில் முன்னால் நிற்கிறார்!

ஆடப் போகும்போது இதே கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். இண்டெக்ஸ் 18.0 உள்ளவர் அந்தக் கடினமான மைதானத்துக்குப் போகிறார். குழிக்கு இத்தனை அடி என்று வகுத்திருக்கும் இலக்குதான் பார். அந்த மைதானத்தின் மொத்தப் பார் 71 என்று வைத்துக்கொள்வோம். 18ஐ 126ஆல் பெருக்கி 113ஆல் வகுத்து, ரேட்டிங்குக்கும் பாருக்கும் உள்ள வேறுபாட்டைச் சேர்த்தால் ஏறக்குறைய 20 அடி. தனிநபர் போட்டி என்றால் அதிலும் 95 சதவீதம்தான் கொடுப்பார்கள்: 19. இந்த வெட்டு கஞ்சத்தனமாகத் தெரியும். ஆனால் பலர் கலந்துகொள்ளும் போட்டியில் வெல்வது அன்றைய அபாரமான ஆட்டம். ஹேண்டிகேப் அதிகமுள்ளவர்களின் ஆட்டம் நாளுக்கு நாள் கூடுதலாக ஏறி இறங்கும் என்பதால், அப்படியொரு நாள் அவர்களில் யாருக்காவது வாய்த்துவிடும். 5 சதவீத வெட்டு அதைச் சற்றே ஈடுகட்டுகிறது. ஒருவரோடு ஒருவர் நேருக்கு நேர் மோதும் ஆட்டத்தில் இந்த வெட்டு கிடையாது.

இனி புள்ளிகள். சங்கப் போட்டிகளில் பெரும்பாலும் மொத்த அடிகளை எண்ணுவதில்லை. ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் புள்ளி போடுகிறார்கள். ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு ஒரு மருத்துவர். 1898இல் வேல்ஸில் உள்ள பெனார்த்தில் இதன் ஆரம்ப வடிவத்தைச் சோதித்தார். 1932 மே 16 அன்று லிவர்பூலுக்கு அருகே, கடற்காற்று அடிக்கும் வாலசி மைதானத்தில் இன்றைய முறையில் முதல் போட்டி நடந்தது. ஒரே குழியில் பத்து அடி விரயமாக்கியவர் அன்றைய போட்டியையே இழந்துவிடுகிறார், மிச்ச நேரமெல்லாம் மனம் விட்டுப் போய் நடக்கிறார் என்ற பழைய குறைக்கு இது மருந்து.

தள்ளுபடி அடிகளைக் குழிகளுக்குப் பங்கிட வேண்டும். எந்தக் குழிக்கு முதலில் தள்ளுபடி என்று சொல்ல, மதிப்பெண் அட்டையில் ஒவ்வொரு குழிக்கும் 1இலிருந்து 18வரை ஒரு வரிசை எண் இருக்கும். 19 அடி பெற்றவருக்குக் குழிக்கு ஒன்று, வரிசை எண் 1 உள்ள குழியில் மட்டும் இரண்டு. தள்ளுபடி போக, பாரில் முடித்தால் 2 புள்ளி. ஓரடி குறைந்தால் 3, இரண்டு குறைந்தால் 4. ஓரடி கூடினால் 1. இரண்டோ அதற்கு மேலோ கூடினால் பூஜ்யம். பார் 4 குழியில் ஓர் அடி தள்ளுபடி உள்ளவர் 5 அடித்தால் 2 புள்ளி, 7 அடித்தால் ஒன்றும் இல்லை. ஏழானாலும் பதினான்கானாலும் அதே பூஜ்யம்தான். ஆகவே புள்ளிக்கு வழியில்லை என்று தெரிந்ததும் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடந்துவிடலாம். பின்னால் காத்திருக்கும் கூட்டத்துக்கு இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை.

இந்தப் பூஜ்ய எல்லையை ஹேண்டிகேப் கணக்கும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. அதே குழியில் 14 அடித்தாலும் ஹேண்டிகேப்புக்குப் பதிவாவது 7தான். தற்செயலான ஒரு சொதப்பலும் வேண்டுமென்றே செய்த சொதப்பலும் ஒரே கத்தரிக்கு அகப்படுகின்றன.

எண்ணை ஏற்றப் பார்ப்பவர்களுக்கு வேறு பூட்டுகளும் உண்டு. கடந்த ஓராண்டில் எட்டிய மிகக் குறைந்த இண்டெக்ஸைவிட 3க்கு மேல் ஏறினால், அதற்கு மேற்பட்ட ஏற்றத்தில் பாதியைத்தான் தருவார்கள். 5க்கு மேல் ஏறவே முடியாது. ஓர் ஆட்டத்தின் மதிப்பு இண்டெக்ஸைவிட 7 அல்லது அதற்கு மேல் சிறப்பாக இருந்தால், தானாகவே இண்டெக்ஸில் 1 குறையும். 10 என்றால் 2.

ஆனாலும் மாதம் ஒருமுறை மட்டும் ஆடுபவருக்கு 20 ஆட்டம் சேர ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் அவர் ஆட்டம் எவ்வளவோ மாறியிருக்கும், எண் மட்டும் மந்தமாகவே நகரும். பல சங்கங்கள் அதுவரை பொறுப்பதில்லை. வென்றவருக்குச் சங்கத்தின் அடுத்த போட்டிகளில் ஓரிரு அடிகளை நேரடியாக வெட்டிவிடுகிறார்கள். ஒருநாள் அதிர்ஷ்டத்துக்கும் உண்மையான முன்னேற்றத்துக்கும் இந்த வெட்டு வித்தியாசம் பார்ப்பதில்லை என்பதால், கணிதப்படி இது முரட்டு வைத்தியம். ஆனால் பரிசு கைமாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் நோக்கமாக இருந்தால், பலன் தருவது என்னவோ இதுதான்.