காற்றுத் தாங்கி: ‘ஒட்சிசன் சிலிண்டர்’ என்ற பெயரை ஏன் விட வேண்டும்

கொக்கிளாய், நாயாறு, முல்லைத்தீவுப் பக்கம் கடலட்டைக்குச் சுழியோடுகிறவர்கள் முதுகில் கட்டிக்கொண்டு இறங்கும் கலத்தைச் சிலர் சிலிண்டர் என்பார்கள், சிலர் டாங்கி என்பார்கள். பேப்பரில் வரும்போது பெரும்பாலும் ‘ஒட்சிசன் சிலிண்டர்’ ஆகிவிடுகிறது. முதல் இரண்டாலும் கெடுதல் இல்லை. ஒட்சிசன் என்ற முன்னொட்டுத்தான் உயிருக்கு உலை வைப்பது.

அந்தக் கலத்துக்குள் இருப்பது நாம் கரையில் நின்று மூச்சு விடும் அதே காற்று. 78 வீதம் நைதரசன், 21 வீதம் ஒட்சிசன், மிச்சம் ஆகன் போன்றவை. அதை வடிகட்டி, ஈரம் நீக்கி, அழுத்தி அடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சுத்த ஒட்சிசன் ஆஸ்பத்திரியிலும் வெல்டிங் கடையிலும் இருக்கும் வேறு சரக்கு. பெயரை நம்பி யாராவது அதைக் கொண்டுவந்து இதில் நிரப்பினால், 6 மீற்றருக்குக் கீழே போகப் போக அது நரம்பு மண்டலத்தைத் தாக்கும். எந்த அறிகுறியும் இல்லாமலே வலிப்பு வரலாம். வாயில் கவ்விய குழாய் நழுவினால் ஆள் அங்கேயே மூழ்கிப்போவார். நிரப்பும்போதே இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வால்வில் எண்ணெய்ப் பசை ஒட்டியிருந்தால், உயர் அழுத்த ஒட்சிசன் பட்டதும் தீப்பிடிக்கும்.

ஒட்சிசன் என்பதற்குக் கிரேக்க வேரில் ‘புளிப்பைப் பிறப்பிப்பது’ என்று பொருள். அமிலங்களுக்கெல்லாம் அதுவே மூலம் என்று எண்ணி லவோசியே 1770களில் வைத்த பெயர். அந்த எண்ணம் பிழை என்று பிறகு தெரிந்தும் பெயர் நிலைத்துவிட்டது. நாங்கள் அதற்குப் பிராணவாயு, உயிர்வளி என்றெல்லாம் பெயர் கொடுத்தோம். மூச்சுக்கு வேண்டியது அது மட்டும்தான் என்ற நினைப்பு வந்ததில் இந்தப் பெயர்களுக்கும் பங்குண்டு.

சிலிண்டரும் கிரேக்கம்தான். உருட்டுதல் என்ற வினையிலிருந்து பிறந்தது. தமிழ் உருளையும் ‘உருள்’ என்ற வினையிலிருந்தே வருகிறது. கணிதப் பாடத்தில் பிள்ளைகள் படிக்கும் உருளை அதுதான். ஆனால் உருளை வடிவத்தைத்தான் சொல்லும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது.

டாங்கி என்ற சொல்லின் கதை வன்னிக்காரருக்கு நெருக்கமானது. ஆங்கில ‘டாங்க்’ குஜராத்தி, மராத்தி மொழிகளில் நீர்நிலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து போனது என்பார்கள். போர்த்துக்கேயத் ‘தாங்கே’யின் பங்கும் உண்டு என்பார்கள். வெள்ளைக்காரர் இங்கே வந்து எங்கள் குளங்களுக்கெல்லாம் அந்தப் பெயரையே வைத்தார்கள். இரணைமடுக் குளமும் முத்தையன்கட்டுக் குளமும் ஆங்கிலத்தில் இன்றைக்கும் ‘டாங்க்’தான். முதலாம் உலகப் போரில் கவச வண்டி செய்தபோது, இரகசியம் வெளியே போகாமல் இருக்கத் தண்ணீர்த் தொட்டி என்று பெயர் பரப்பினார்கள். அப்படித்தான் அது போர்த்தாங்கியும் ஆனது. ‘தாங்கு’ என்ற நம் வினையோடு ஓசையும் பொருளும் ஒத்துப்போனதால் ஈழத்தில் நீர்த்தாங்கி என்ற சொல் ஊன்றிவிட்டது. அதே வழியில் ‘காற்றுத் தாங்கி’ என்றால் எல்லாருக்கும் விளங்கும். உள்ளே இருப்பது காற்று என்பதையும் பெயரே சொல்லிவிடும். இது பேச்சுக்கு. எழுத்தில் ‘அழுத்தக் காற்றுத் தாங்கி’ என்று விரிக்கலாம்.

அழுத்தம் என்ற சொல்லைச் சும்மா போடவில்லை. 12 லீற்றர் தாங்கியில் 200 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறையக் கரையில் உள்ள காற்றழுத்தம்) ஏறக்குறைய 2,400 லீற்றர் காற்று அடங்கும். அந்தக் காற்றின் எடை மட்டும் கிட்டத்தட்ட 3 கிலோ. அவசரமாக நிரப்பினால் தாங்கி கையில் சுடும். 50 பாகை செல்சியஸில் 200 காட்டிய முள், 30 பாகைக்கு ஆறியதும் 188 அளவுக்கு இறங்கிவிடும். அதனால்தான் மெதுவாக நிரப்பச் சொல்கிறார்கள். நிரப்ப முன்பு வால்வைச் சற்றுத் திறந்து ‘புஸ்’ என்று ஊதவிட வேண்டும். வாயில் நிற்கும் ஒரு துளி உப்புத் தண்ணீர் அதோடு வெளியே போகும். போகாவிட்டால் காற்றோடு சேர்ந்து உள்ளே போய்விடும். உருக்குத் தாங்கியில் அந்தத் துளி துருவாகும். துரு, அடைத்த காற்றிலுள்ள ஒட்சிசனையே தின்றுவிடும். நீண்ட நாள் கிடந்த தாங்கியில் மூச்சு இழுத்து மயங்க இதுவும் ஒரு காரணம். தாங்கியை ஒருபோதும் முழுக்கக் காலியாக்காமல் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் வைப்பதும் தண்ணீர் உள்ளே போகாமல் இருக்கத்தான்.

நிரப்பும் இயந்திரம் காற்றை இழுக்கும் குழாய் ஜெனரேட்டர் புகைக்கு எட்டாத இடத்தில், காற்று வரும் திசையில் இருக்க வேண்டும். புகையோடு போகும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் மணமும் இல்லை. 30 மீற்றர் ஆழத்தில் அதன் தாக்கம் கரையில் உள்ளதைப்போல நான்கு மடங்காகும். டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தை இதற்குப் பக்கத்திலும் கொண்டுவரக் கூடாது.

பழைய தாங்கி வாங்குகிறவர்கள் தோளில் வெட்டியிருக்கும் எழுத்தைப் பாருங்கள். 6351 என்ற அலுமினியக் கலவையில் செய்த பழைய தாங்கிகளின் கழுத்தில் வெடிப்பு விழுவது தெரிந்த விஷயம். பல நாடுகளில் வருடத்துக்கு ஒருமுறை உள்ளே பார்ப்பார்கள், 5 வருடத்துக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை செய்வார்கள். அந்தத் திகதி தாங்கியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதோடு ‘காற்று’ என்று தமிழிலும் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். நிரப்பும் பையனுக்கு ஆங்கிலம் தெரியாமல் இருக்கலாம்.