ரேங்க் எத்தனைங்க சார்?

2024 மே மாதம், வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு மதியம், அப்பாவும் மகளும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். அப்பா கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டர், அதற்குள் ஒரே ஒரு தாள். ஏழு பல்கலைக்கழகங்களின் பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே சிவப்புப் பேனாவில் ஒரு எண். மகள் பி.எஸ்சி. வேளாண்மை முடித்திருந்தாள், அடுத்து மண்ணியல்தான் என்பதில் உறுதியாக இருந்தாள். ஏழில் இரண்டு இடத்தில் சீட் கிடைத்திருந்தது. ஒன்று இங்கிலாந்தில், நூறுக்குள் ரேங்க். இன்னொன்று நெதர்லாந்தில் இருக்கிற வாகனிங்கன். அதற்கு எதிரே 151 என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

“வாகனிங்கன்னு சொன்னா எங்க சொந்தத்துல ஒருத்தருக்கும் தெரியாதுங்க சார். ரேங்க்கும் பின்னாடி கிடக்குது.”

பதினான்கு வருடமாகக் கோவையில் இந்த வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனைத் தொழிலில் இருக்கிறேன். ஃபீஸ் எவ்வளவு, லோன் கிடைக்குமா என்பதற்கெல்லாம் முன்னால் வருகிற கேள்வி இதுதான். தப்பான கேள்வி என்று சொல்ல மாட்டேன். முப்பது லட்சம் கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்புகிறவர், கண்ணால் பார்க்காத ஊரில் இருக்கிற கல்லூரியை எதை வைத்துத்தான் நம்புவார்? ஆனால் அந்த எண் எந்த அடுப்பில் வெந்து வருகிறது என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை.

அந்த 151, க்யூஎஸ் என்ற லண்டன் நிறுவனத்தின் 2024 பதிப்பில் வந்தது. அதில் நூற்றுக்கு 30 மதிப்பெண் பேராசிரியர்களிடம் எடுக்கிற கருத்துக்கணிப்புக்கு, இன்னொரு 15 வேலை கொடுக்கிற நிறுவனங்களிடம் எடுக்கிற கணிப்புக்கு. அதாவது கிட்டத்தட்டப் பாதி மார்க் பெயருக்கு. பேராசிரியரிடம் கேட்பது இவ்வளவுதான்: உங்கள் துறை ஆராய்ச்சியில் சிறந்தவை என்று நினைக்கிற நிறுவனங்களை உள்நாட்டில் 10 வரை, வெளிநாட்டில் 30 வரை சொல்லுங்கள். சொந்த நிறுவனத்துக்கு ஓட்டுப் போட முடியாது, அந்த மட்டுக்கும் நேர்மை. சரி, முப்பது வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களை உள்ளே போய்ப் பார்த்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? முதல் ஐந்தாறைத் தெரிந்து எழுதுவார், மிச்சமெல்லாம் காதில் விழுந்த பெயர்கள். அந்தப் பெயர் ஏன் காதில் விழுந்தது என்று பார்த்தால், போன வருடப் பட்டியலில் மேலே இருந்தது. கூட்டம் இருக்கிற பரோட்டாக் கடையிலேயே மேலும் கூட்டம் சேர்கிற கதைதான்.

அமெரிக்காவில் இது 1983இல் தொடங்கியது. யு.எஸ். நியூஸ் பத்திரிகை கல்லூரித் தலைவர்களிடம் எது நல்ல கல்லூரி என்று கேட்டு, வந்த பதிலை அப்படியே வரிசையாகப் போட்டது. ஸ்டான்ஃபோர்டு முதலிடம். முழுக்க முழுக்க அபிப்பிராயம். அப்புறம் புள்ளிவிவரங்கள் சேர்ந்தன என்றாலும், தேசியப் பல்கலைக்கழகப் பட்டியலில் இன்றைக்கும் 20 சதவீதம் ஒரு கல்லூரி நிர்வாகி இன்னொரு கல்லூரிக்குப் போடுகிற மார்க். மிச்சமிருக்கிற புள்ளிவிவரத்தில் பலவற்றைக் கொடுப்பதோ அந்தந்தக் கல்லூரியே. தன் விடைத்தாளைத் தானே திருத்துகிற மாதிரி.

இதில் என்ன நடக்கும் என்பதற்கு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தை விட நல்ல பாடம் இல்லை. ஹார்வர்டு, எம்ஐடியோடு சேர்ந்து 2ஆம் இடத்தில் இருந்தது. அங்கேயே வேலை பார்க்கிற கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ், தன் பல்கலைக்கழகம் கொடுத்த எண்களைத் தானே உட்கார்ந்து சரிபார்த்து 2022 பிப்ரவரியில் வெளியிட்டார். 20 பேருக்குக் குறைவான மாணவர்கள் உள்ள வகுப்புகள் 82.5 சதவீதம் என்று பல்கலைக்கழகம் சொல்லியிருந்தது, வகுப்புப் பட்டியலை எடுத்து அவர் எண்ணிப் பார்த்ததில் 63க்கும் 67க்கும் நடுவில்தான் வந்தது. அந்த செப்டம்பரில் கொலம்பியா 18ஆம் இடத்துக்கு இறங்கியது. 2இல் இருந்தபோது சேர்ந்த பிள்ளைகளும் 18இல் இருந்தபோது சேர்ந்த பிள்ளைகளும் அதே வகுப்பில், அதே பேராசிரியரிடம்தான் படித்தார்கள்.

இதுவாவது எண்ணிக்கைத் தகராறு. ஃபிலடெல்பியாவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளி, அதே யு.எஸ். நியூஸின் ஆன்லைன் எம்பிஏ பட்டியலில் நான்கு வருடம் தொடர்ந்து முதலிடம் வாங்கியது. சேர்ந்த அத்தனை பேரும் எம்பிஏ நுழைவுத் தேர்வான ஜிமேட்டின் மார்க் கொடுத்ததாகக் கணக்குக் காட்டினார்கள், உண்மையில் கொடுத்தது ஐந்தில் ஒருவர். முன்னாள் டீன் மோஷே போராட்டுக்கு 2022 மார்ச்சில் 14 மாதச் சிறை. ரேங்க்குக்காக ஒரு டீன் கம்பி எண்ணுகிற அளவுக்கு இதில் பணம் இருக்கிறது.

யாரும் பொய் சொல்லாவிட்டாலும் எண் தாவும். அதே க்யூஎஸ் பட்டியலில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம் ஒரு வருடம் 27, அடுத்த வருடம் 10. பெர்க்லியில் எதுவும் மாறவில்லை, தராசில் வைக்கிற படிக்கல்லை மாற்றிவிட்டார்கள். எதற்கு எத்தனை மார்க் என்கிற கணக்கு அந்த வருடம்தான் மாறியது.

அதற்காகப் பெரிய பெயருக்கு மதிப்பே இல்லை என்று கதை விட மாட்டேன், இருக்கிறது. பிரிட்டன் 2022இல் கொண்டுவந்த ஒரு விசாவில், தொடக்கத்தில், மூன்று உலகப் பட்டியல்களில் இரண்டிலாவது முதல் 50க்குள் வந்த, பிரிட்டனுக்கு வெளியே உள்ள பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்கு, கையில் வேலை இல்லாமலே உள்ளே வர அனுமதி கொடுத்தார்கள். பிணை இல்லாமல் கடன் கொடுக்கிற தனியார் நிறுவனங்கள் சிலவும் தங்களுக்கென்று ஒரு கல்லூரிப் பட்டியல் வைத்திருக்கின்றன. சம்பள விஷயம் மட்டும் நாம் நினைக்கிற அளவுக்கு நேர்க்கோடு இல்லை. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பேர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், அதே தகுதியோடு அதே மாதிரி இடங்களில் சீட் கிடைத்தும் பெயர் குறைந்த கல்லூரிக்குப் போனவர்கள் சம்பளத்தில் பெரிதாகப் பின்தங்கவில்லை. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் பெரிய கல்லூரியால் தெளிவான லாபம் தெரிந்தது. அப்பாவின் நண்பர் கம்பெனி வைத்திருக்காத பிள்ளைக்குக் கல்லூரியின் பெயர்தான் சிபாரிசுக் கடிதம், வேறென்ன?

இப்போது என் தொழிலின் குட்டை நானே உடைக்கிறேன். என்னைப் போன்றவர்களுக்கு இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா கல்லூரிகள் பலவற்றிலிருந்து கமிஷன் வருகிறது, பெரும்பாலும் முதல் வருட ஃபீஸில் ஒரு பங்கு. கன்சல்டன்சி வாசலில் ‘டாப் 100’ என்று ஃப்ளெக்ஸ் தொங்கினால் எந்தப் பட்டியல், எந்த வருடம், மொத்த ரேங்க்கா பாட ரேங்க்கா என்று கேளுங்கள், அப்படியே இந்தக் கல்லூரியிலிருந்து உங்களுக்கு எவ்வளவு வருகிறது என்றும் கேட்டுவிடுங்கள். கோபித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடலாம். அந்தப் பெண் இங்கிலாந்துக்குப் போயிருந்தால் எனக்குக் கமிஷன், வாகனிங்கனுக்குப் போனால் ஒரு பைசா கிடையாது. இதை அவள் அப்பாவிடம் முதலிலேயே சொன்னேன். ஆளை ஒரு தினுசாகத்தான் பார்த்தார்.

அப்புறம் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினேன். வேளாண்மை, வனவியல் பாடத்துக்கு மட்டும் க்யூஎஸ் போடுகிற பட்டியலில் வருடக்கணக்காக முதலிடம் வாகனிங்கன். டைம்ஸ் ஹையர் எஜுகேஷன் என்ற இன்னொரு நிறுவனம் போடுகிற, எல்லாப் பாடங்களையும் சேர்த்த மொத்தப் பட்டியலில் அதே 2024க்கு 64. உலக மண் அருங்காட்சியகமே அந்த ஊரில்தான் இருக்கிறது. இங்கிலாந்துக் கல்லூரியின் பாடத்திட்டத்தைத் திறந்தோம், ஒரு வருடப் படிப்பு, எட்டுப் பாடத்தில் மண்ணைப் பற்றி ஒன்றே ஒன்று, அதுவும் விருப்பப் பாடம். மகள் இதையெல்லாம் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது, அப்பாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

“இருந்தாலும் 151 இல்லீங்களா?”

“ஐஐடி மெட்ராஸ்ல உங்க பையனுக்கு சீட் கிடைச்சா என்ன பண்ணுவீங்க?”

“ஊருக்கே சோறு போடுவனுங்க!”

“நீங்க சிவப்புல எழுதிட்டு வந்த இதே பட்டியல்ல ஐஐடி மெட்ராஸ் 285.”

நம்பவில்லை. தாளை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அவரே மவுஸைப் பிடித்துத் தேடிப் பார்த்தார். ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. நம் அரசு போடுகிற என்ஐஆர்எஃப் பட்டியலில் 2019 முதல் அதுதான் முதலிடம் என்றேன். சென்னை உட்பட ஏழு ஐஐடிகள் 2020இல் டைம்ஸ் பட்டியலில் கலந்துகொள்ளவே மாட்டோம் என்று ஒதுங்கிய கதையையும் சொன்னேன். மகளைப் பார்த்து, “அங்க சோறு கிடைக்குமா சாமி?” என்று கேட்டார். அதற்குப் பிறகு பேச்செல்லாம் குளிர், ஹாஸ்டல் வாடகை, விசா என்று போய்விட்டது.

ஆகஸ்டில் அவள் கிளம்பிப் போனாள். அடுத்த வாரம் அப்பாவிடமிருந்து போன். பின்னால் நாதஸ்வரம், ஏதோ கல்யாண மண்டபம்.

“சார், மச்சான் பக்கத்துலயே நிக்கறாருங்க. பாப்பா காலேஜ் ரேங்க் எத்தனைன்னு கேக்கறாரு. 151ஐச் சொல்றதா, 64ஐச் சொல்றதாங்க?”

64ஐயே சொல்லச் சொன்னேன்.